கழித்ததும் காத்ததும்

சரித்திரம் எழுதுகிறவர்கள் அரண்மனை வாசலிலும் போர்க்களத்திலும் நின்று பார்க்கிறார்கள். நான் கதை எழுதுகிறவன். அவ்வளவு தூரம் போகத் தெரியாது. ஒரு பெரிய மனிதரைப் பற்றிப் படித்தால், அவர் வீட்டுப் பரணில் என்ன கிடந்தது, அவர் மனைவியின் பெட்டியில் என்ன இருந்தது, யாருக்கு யார் என்ன செய்து கொடுத்தார்கள் என்றுதான் என் புத்தி ஓடுகிறது.

வீட்டில் சாமான் சேர்ந்துபோவதைப் பற்றி இப்போது பலரும் பேசுகிறார்கள். வேண்டாததைக் கழித்தால் வீடு விசாலமாகும், மனமும் லேசாகும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் வேண்டாதது எது என்று தீர்மானிப்பவர் யார்? கணவனுக்கு வேண்டாதது மனைவிக்கு உயிராக இருக்கும். மாமியார் பொக்கிஷமாக வைத்திருப்பது மருமகளுக்குக் குப்பையாகத் தெரியும். இதைப் பற்றி வீட்டுக்கு வீடு நடக்கும் வழக்குக்குக் கோர்ட்டும் இல்லை, தீர்ப்பும் இல்லை.

இந்த வழக்கை உலகத்துக்கே தெரியும்படி நடத்தியவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் ரஷ்யாவில் வாழ்ந்தார். மற்றவர் நம் நாட்டில் பிறந்து தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். இருவருடைய கணவன்மாரும் உலகம் கொண்டாடும் துறவு மனம் படைத்தவர்கள். அந்த இரண்டு கணவன்மாரும் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு, தாங்கள் தைத்ததை மற்றவர்களுக்குப் பரிசாகவும் கொடுத்தார்கள்.

முதலில் ரஷ்யாவுக்குப் போவோம்.

லியோ டால்ஸ்டாய் பிரபு வம்சத்தில் பிறந்தவர். யாஸ்னயா பொல்யானா என்ற பரம்பரைப் பண்ணைக்குச் சொந்தக்காரர். 'போரும் அமைதியும்', 'அன்னா கரீனினா' என்ற இரண்டு நாவல்களையும் எழுதி முடித்து, உச்சியில் இருந்த காலத்தில் அவருக்கு மனத்தில் ஒரு பெரிய கலக்கம் வந்தது. மற்றவர்கள் உழைப்பில் உட்கார்ந்து சாப்பிடுவது பாவம் என்று தோன்றிவிட்டது. 1882-இல் மாஸ்கோவில் குடும்பத்துக்காக ஒரு வீடு வாங்கினார். அந்த வீட்டில் எழுதும் அறைக்குப் பக்கத்திலேயே தோலும் குத்தூசியும் வந்து சேர்ந்தன. செருப்புத் தைக்கும் ஒருவரிடம் தொழில் கற்றுக்கொண்டு பூட்ஸ் தைக்க ஆரம்பித்தார் பிரபு.

பேனா பிடித்த கைக்கு மெழுகு நூலை இழுக்க வருமா? முதலில் வந்திராது. ஆனால் மனிதர் விடாப்பிடிக்காரர். 1885-இல் தம் நண்பரான கவிஞர் ஃபெத் என்பவருக்கு ஒரு ஜோடி பூட்ஸ் தைத்துக் கொடுத்தார். கவிஞருக்கு நகைச்சுவை உண்டு. கூலியாக ஆறு ரூபிளைக் கையில் கொடுத்துவிட்டு, இன்னார் தைத்த பூட்ஸ் இது, நானே போட்டு நடக்கிறேன் என்று முறையாக ஒரு சான்றுப் பத்திரமும் எழுதிவைத்தார்.

இன்னொரு ஜோடி, டால்ஸ்டாயின் மூத்த மகள் தாத்தியானாவை மணந்த சுகோதினுக்குப் போயிற்று. மருமகன் என்ன செய்தார் என்று ஒரு கதை சொல்வதுண்டு. அவருடைய அலமாரியில் மாமனாரின் நூல்கள் பன்னிரண்டு தொகுதிகள் வரிசையாக இருந்தனவாம். அந்த வரிசையின் கடைசியில் பூட்ஸை வைத்து, 'பதின்மூன்றாம் தொகுதி' என்று சீட்டு ஒட்டிவிட்டாராம்!

கேட்கும்போது சிரிப்பு வருகிறது. யோசித்தால் கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கிறது. நடப்பதற்காகத் தைத்த பூட்ஸ் அது. அலமாரிக்குப் போனவுடன் தூசி தட்ட வேண்டிய சாமான்களில் ஒன்றாக அல்லவா ஆகிவிட்டது? என்னைக் கேட்டால், டால்ஸ்டாயின் கைக்கு மரியாதை செய்தவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு பனியில் நடந்த ஃபெத்தான்.

இனி டால்ஸ்டாயின் மனைவி சோஃபியாவிடம் வருவோம். 1862-இல் மணமானபோது அவருக்கு வயது பதினெட்டு; கணவருக்கு முப்பத்து நான்கு. பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்றார். அடித்தும் திருத்தியும் கணவர் எழுதிக் குவித்த 'போரும் அமைதியும்' பிரதியைப் பலமுறை தம் கையாலேயே சுத்தமாகப் படி எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் தூங்கிய பிறகு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடந்த வேலை அது. கையால் செய்த பரிசு என்றால் இதைவிடப் பெரிதாக எதைச் சொல்ல முடியும்?

அவர் கணவருக்குச் சொத்து பாவமாகத் தோன்றியது. சோஃபியாவுக்கோ பிள்ளைகளின் சாப்பாடாகத் தோன்றியது. 1881-க்குப் பிறகு தாம் எழுதியவற்றுக்கு உரிமைப் பணம் வேண்டாம், யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று 1891-இல் டால்ஸ்டாய் அறிவித்தார். அடுத்த ஆண்டு நிலபுலன்களை மனைவி மக்களுக்குப் பங்கிட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். முந்தைய நூல்களை அச்சிட்டு விற்று, கணக்கு வழக்கு பார்த்து, அந்தப் பெரிய குடும்பத்தைக் கட்டிக்காக்கும் பாரம் சோஃபியாவின் தலையில் இருந்தது. துறந்தவருக்குப் புகழ் கிடைத்தது. துறக்கப்பட்டதை மேய்த்தவருக்குக் கெட்ட பெயர் கிடைத்தது.

இதன் முடிவு எல்லோருக்கும் தெரியும். 1910 நவம்பரில், எண்பத்திரண்டு வயதில், ஓர் இரவு டால்ஸ்டாய் வீட்டை விட்டுக் கிளம்பினார். அஸ்தபோவோ என்ற சிறிய ரயில் நிலையத்தில் நோயில் விழுந்து, நவம்பர் 20-ஆம் தேதி கண்ணை மூடினார். ஓடோடி வந்த சோஃபியாவை, அவருக்கு நினைவு தப்பும் வரையில் அருகே விடவில்லை. கடைசியில் டால்ஸ்டாய் கழித்துவிட்டு வந்தவற்றில் மனைவியும் ஒருத்தியாகிவிட்டாள். யார் பக்கம் நியாயம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆனால் அந்த ரயில் நிலையத்து ஜன்னலுக்கு வெளியே நின்ற கிழவியை என்னால் மறக்க முடிவதில்லை.

*

இரண்டாவது வழக்கு டர்பன் நகரத்தில், 1901-இல் நடந்தது.

அந்த ஆண்டு காந்திஜி தென்னாப்பிரிக்காவை விட்டுக் குடும்பத்துடன் இந்தியாவுக்குப் புறப்பட ஏற்பாடு செய்தார். அங்கே இருந்த இந்தியர்கள் அவரைச் சும்மா அனுப்புவார்களா? ஊர் ஊராகப் பாராட்டுக் கூட்டம் வைத்துப் பரிசுகளைக் குவித்துவிட்டார்கள். தங்கக் கடிகாரம், தங்கச் சங்கிலி, வைர மோதிரம்! கஸ்தூரிபாவுக்கென்று 50 கினி மதிப்புள்ள தங்க அட்டிகை ஒன்று.

அன்றிரவு காந்திஜிக்குத் தூக்கம் வரவில்லை; அறையில் நடைபோட்டுக்கொண்டே இருந்தார். பொதுத் தொண்டுக்குக் கூலி வாங்கலாமா என்ற கேள்வி அவரை அரித்தது. நகையை விட்டொழியுங்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்கிறவர் வீட்டில் இத்தனை தங்கம் இருந்தால் எப்படி? விடிவதற்குள் முடிவு செய்துவிட்டார். எல்லாவற்றையும் இந்தியச் சமூகத்துக்கே டிரஸ்டாக எழுதிவைப்பது. பார்ஸி ருஸ்தம்ஜி முதலியவர்களை டிரஸ்டிகளாக நியமிப்பது. பத்திர நகலும் தயாராகிவிட்டது.

காலையில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது, மனைவியிடம் சொல்லவில்லை என்று! வக்கீல் அல்லவா? நேராகப் போகாமல் முதலில் பிள்ளைகளைத் தம் கட்சியில் சேர்த்துக்கொண்டார். சிறுவர்களுக்கு நகையைப் பற்றி என்ன கவலை? உடனே சரி என்றார்கள். அம்மாவிடம் தூது போகவும் சம்மதித்தார்கள்.

கஸ்தூரிபா அன்று வாதாடியதைக் காந்திஜியே தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தமக்கு எதிரான வாதத்தை இவ்வளவு பலமாக எழுதிவைத்த பிரதிவாதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எழுத்துப் படிப்பு அதிகமில்லாத அந்த அம்மாள் எடுத்துவைத்த கேள்விகள் மூன்று. நான் அணியாவிட்டாலும் நாளை வரப்போகும் மருமகள்களுக்கு வேண்டாமா? அன்போடு கொடுத்ததைத் திருப்பித் தருவது மரியாதையா? எல்லாவற்றுக்கும் மேலாக, என் கழுத்துக்கு வந்த அட்டிகையைக் கொடுக்க உங்களுக்கு என்ன உரிமை?

காந்திஜி ஒரு குறுக்குக் கேள்வி போட்டார். இந்த அட்டிகை உன் தொண்டுக்காக வந்ததா, என் தொண்டுக்காக வந்ததா என்று. அங்கேதான் அந்த அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். இரவு பகலாக உங்களுக்கும் நீங்கள் வீட்டுக்குள் அழைத்துவந்த அத்தனை பேருக்கும் உழைத்தேனே, அது தொண்டில் சேராதா என்று கேட்டார்.

இதற்குக் காந்திஜியிடம் பதில் இருந்ததாகத் தெரியவில்லை. கேள்வி உள்ளே தைத்தது என்று ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் நகைகள் போயின. எப்படியோ ஒரு சம்மதத்தைக் கஸ்தூரிபாவிடமிருந்து பிடுங்கிவிட்டதாக அவரே எழுதுகிறார். டிரஸ்ட் ஏற்பட்டது; பணம் சமூகக் காரியங்களுக்குப் பயன்பட்டது. செய்ததற்காகப் பின்னால் ஒரு நாளும் தாம் வருந்தியதில்லை என்றும், காலப்போக்கில் மனைவியும் அதன் நியாயத்தை உணர்ந்தார் என்றும் சொல்கிறார். இருக்கலாம். காரியம் நல்ல காரியம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் பிடுங்கிய சம்மதம் சம்மதமாகுமா? வீட்டை ஒழுங்கு செய்யக் கிளம்பும் ஒவ்வொருவரும் ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

*

மறுபடியும் தென்னாப்பிரிக்காவுக்குப் போன காந்திஜி அங்கே சத்தியாக்கிரகப் போரைத் தொடங்கினார். சிறைக்குப் போனவர்களின் குடும்பங்களை ஓரிடத்தில் வைத்துக் காப்பாற்ற இடம் தேவைப்பட்டது. 1910 மே மாதம் அவருடைய நண்பர் ஹெர்மன் காலன்பாக், ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைலில், லாலி ரயில் நிலையத்துக்கு அருகே 1,100 ஏக்கர் பண்ணையை வாடகை இல்லாமல் கொடுத்தார். டால்ஸ்டாயின் நூல்களில் ஊறிய இரு நண்பர்களும் அதற்கு 'டால்ஸ்டாய் பண்ணை' என்றே பெயர் வைத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் டால்ஸ்டாய் காந்திஜிக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். இரண்டு மாதத்தில் அவர் மறைந்தார்.

காலன்பாக் ஒரு ஜெர்மானிய யூதர், கட்டடக் கலைஞர், செல்வர். தன்னந்தனி மனிதருக்கு வீட்டு வாடகை போக மாதம் 1,200 ரூபாய் செலவு! காந்திஜியின் சிநேகத்துக்குப் பிறகு அது 120 ரூபாயாகக் குறைந்தது. குறைத்த மனிதர் முகம் சுளிக்கவில்லை. பண்ணைக்கு வந்து எல்லோரோடும் தரையில் படுத்து எழுந்தார்.

அந்தப் பண்ணையில் குஜராத்திகளும் தமிழர்களும் ஆந்திரர்களும் வட இந்தியர்களும் இருந்தார்கள். இந்து, முஸ்லிம், பார்ஸி, கிறிஸ்தவர் என்று எல்லா மதத்தினரும் ஒரே சமையலறையில் சாப்பிட்டார்கள். சுற்றிலும் ஏறத்தாழ ஆயிரம் பழமரங்கள். வேலையாள் கிடையாது. தண்ணீர் இறைப்பது, விறகு பிளப்பது, ரொட்டி சுடுவது எல்லாம் தங்கள் கையாலேயே. ஆரஞ்சுப் பழத்தில் ஜாம் காய்ச்சினார்கள். கோதுமையை வறுத்துப் பொடித்துக் காப்பி போட்டார்கள். அந்தக் காப்பியை நம் வீடுகளில் யாராவது குடிப்பார்களா என்பது வேறு விஷயம்! முரட்டு நீலத் துணியில் சட்டையும் கால்சட்டையும் தைத்துக் கொடுத்தவர்கள் பண்ணைப் பெண்கள். பண்ணை வேலையாகப் போகிறவர்களுக்குத்தான் ரயில், அதுவும் மூன்றாம் வகுப்பு. சொந்த உல்லாசத்துக்கு ஜோஹன்னஸ்பர்க் போக ஆசைப்பட்டால், கட்டுச்சோற்றைத் தூக்கிக்கொண்டு 21 மைலும் நடக்க வேண்டும்.

பள்ளிக்கூடமும் உண்டு. அங்கே காந்திஜி தமிழ் வாத்தியார்! தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்து தெரியாது. கப்பலிலும் சிறையிலும் போப் துரையின் தமிழ்க் கையேட்டை வைத்துக்கொண்டு தாம் கற்ற எழுத்தையும் கொஞ்சம் இலக்கணத்தையும் அவர் சொல்லிக்கொடுத்தார். இங்கிலீஷ் தெரியாத தமிழர் யாராவது வந்துவிட்டால், பேச்சில் வாத்தியாருக்குத் துபாஷியாக நின்றவர்கள் அதே பிள்ளைகள். குருவும் சிஷ்யரும் இடம் மாறிக்கொள்ளும் அந்தக் காட்சியை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

செருப்புக் கதை இங்கேதான் மறுபடி வருகிறது. பைன்டவுன் அருகே மாரியன்ஹில் என்ற இடத்தில் டிராப்பிஸ்ட் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. காலன்பாக் அங்கே போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்தார். அவரிடம் காந்திஜி கற்றார்; காந்திஜியிடம் பண்ணை இளைஞர்கள் கற்றார்கள். சிஷ்யர்கள் பலர் தம்மை எளிதில் மிஞ்சிவிட்டார்கள் என்று காந்திஜி பெருமையாகவே சொல்கிறார்.

இந்த மனிதர்களுக்குக் கவலை இல்லாமலில்லை. வீட்டுக்கு வீடு ஒருவர் சிறையில் இருந்தார், வருமானம் போயிருந்தது. இருந்தும் அந்தப் பண்ணை நாட்களைப் பற்றிக் காந்திஜி எழுதிய பக்கங்களில் ஒரு தனிக் களிப்பு தெரிகிறது. சாமான் குறைந்ததால் மட்டும் வந்த களிப்பு என்று நான் நினைக்கவில்லை. சிறையிலும்தான் சாமான் குறைவு! காலையில் ஒருவர் தைத்த செருப்பு மாலையில் இன்னொருவர் காலில் நடக்கிறது. ஒருத்தி தைத்த சட்டை எதிர்வீட்டுப் பையன் மேல் ஓடிவருகிறது. நம் கை வேலை ஒருவருக்கு உபயோகப்படுவதைக் கண்ணெதிரே பார்ப்பதைப் போன்ற சந்தோஷம் வேறில்லை.

அந்தத் தொழிலில் பிறந்த ஒரு ஜோடிச் செருப்பு சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்டது. காந்திஜியைச் சிறைக்கு அனுப்பிய அரசாங்கத்தில் முக்கிய மந்திரி ஜெனரல் ஸ்மட்ஸ். சிறையில் இருந்தபோது அவருக்கென்று ஒரு ஜோடிச் செருப்புத் தைத்து, விடுதலையானதும் பரிசாகக் கொடுத்தார் காந்திஜி. 1914 ஜூலையில் காந்திஜி கப்பலேறியதும், இவர் திரும்பி வராமலே இருந்தால் நல்லது என்ற தோரணையில் ஸ்மட்ஸ் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். ஆளை வேண்டாம் என்றாரே தவிர, செருப்பைக் கழிக்கவில்லை! 1939-இல் காந்திஜியின் எழுபதாவது பிறந்தநாளுக்காக டாக்டர் ராதாகிருஷ்ணன் தொகுத்த மலரில் ஸ்மட்ஸும் எழுதினார். அந்தச் செருப்பைப் பல கோடைகள் அணிந்ததையும், அவ்வளவு பெரியவரின் செருப்பில் நிற்கத் தமக்குத் தகுதியில்லை என்று தோன்றுவதையும் அதில் சொன்னார். பூட்ஸை அலமாரியில் வைத்த மருமகனைவிட, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்த எதிரி பரிசின் அருமை தெரிந்தவர்.

*

அதே 1914 கப்பல் பயணத்தில் இன்னொரு சாமான் கழிந்தது. காலன்பாக்கும் உடன் வந்தார். பைனாகுலர் என்றால் அவருக்கு உயிர். விலையுயர்ந்தவை ஒன்றிரண்டு வைத்திருந்தார். எளிய வாழ்வுக்கு இது எதற்கு என்று தினமும் விவாதம். ஒரு நாள் காந்திஜி, நம் இருவருக்கும் நடுவே சச்சரவாக இருப்பதைக் கடலில் எறிந்துவிட்டால் என்ன என்றார். காலன்பாக் தயங்கவில்லை, எறியுங்கள் என்றார். 7 பவுன் விலையுள்ள சாமான் கப்பலின் வட்ட ஜன்னல் வழியாகக் கடலுக்குள் போயிற்று.

இந்தக் காட்சியை 1901-ஆம் ஆண்டுக் காட்சிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பைனாகுலருக்கு உடையவர் மனமாரச் சரி என்றார். சிநேகிதம் இன்னும் இறுகியது. அட்டிகைக்கு உடையவர் அழுதார். எறிந்த கை ஒன்றுதான். வித்தியாசம் எறிபட்ட பொருளிலா இருக்கிறது? உடையவரின் மனத்தில் இருக்கிறது.

இதைக் காந்திஜி நன்றாகவே கற்றுக்கொண்டார் என்று நான் நம்புகிறேன். 1913-இல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணங்கள் சட்டப்படி செல்லாது என்று தென்னாப்பிரிக்கக் கோர்ட்டில் ஒரு தீர்ப்பு வந்தது. நம் பெண்கள் கொதித்தார்கள். சிறைக்குப் போகும்படி காந்திஜி கஸ்தூரிபாவைக் கட்டாயப்படுத்தவில்லை. நீயாக நினைத்தால்தான் போக வேண்டும் என்று விட்டுவிட்டார். அந்த அம்மாள் தாமாக முன்வந்தார். செப்டம்பரில் கைதாகி, மூன்று மாதம் கடுங்காவலில் இருந்து, எலும்பும் தோலுமாக வெளியே வந்தார். அட்டிகையைக் கொடுக்க அழுதவர் தம் உடம்பையே கொடுத்தார். முன்னதைப் பிடுங்கினார்கள், பின்னதை அவரே கொடுத்தார்.

கஸ்தூரிபா 1944 பிப்ரவரி 22-ஆம் தேதி, பூனாவில் ஆகாகான் மாளிகைச் சிறையில், கணவரின் மடியில் உயிர் நீத்தார். சொத்து என்று சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றுமே வைத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு புடவையைத் தம் கடைசி யாத்திரைக்கென்று அவர் பத்திரமாக வைத்திருந்தார். காந்திஜி தம் கையால் நூற்ற நூலில் நெய்த புடவை. தம் ஆசைப்படியே அதை உடுத்திக்கொண்டுதான் அவர் சிதையேறினார்.

அறுபது ஆண்டு தாம்பத்தியத்தில் எத்தனையோ சாமான்கள் வந்தன, போயின. எதைக் காக்க வேண்டும் என்று கடைசியில் தீர்மானித்தவர் அந்த அம்மாளேதான். அவர் பெட்டியைத் திறந்து, இது எதற்கு என்று கேட்க அன்று யாருக்கும் வாய் வரவில்லை.